தானாக் கழண்ட கயிறு

எந்தப் பொண்டாட்டியாவது கோயில்ல நின்னு, பூசாரி முன்னாடி கையெடுத்துக் கும்பிட்டு, என் புருசனைக் குடிக்கச் சொல்லுங்க சாமின்னு கேட்பாளா? நீங்களே சொல்லுங்கண்ணே. பையை மேல வெச்சுட்டு நிதானமாச் சொல்லுங்க. சேலம் போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு.

இவ கேட்டா. இன்னைக்குக் காலையில கேட்டா. அந்தா, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, பச்சைச் சேலை, ஜன்னலோரம். பக்கத்துல செவப்பு ரிப்பன் தெரியுதில்ல, அது எம் பொண்ணு. பொண்டாட்டி பேரு பரிமளா. கெட்டவன்னு சொல்ல மாட்டேன். பரிமளா தெச்ச ஜாக்கெட்டுன்னா அளவு பாக்காமப் போட்டுக்கலாம்னு ஊர்ல சொல்லுவாங்க. ஆனா இன்னைக்கு அவ பேசுன பேச்சு எந்த ஊர்லயும் இல்லாத பேச்சு.

கூட உக்காரலையான்னு பாக்கறீங்க. சண்டையெல்லாம் இல்லை. எனக்கு இந்தக் கடைசி சீட்டுதான் வசதி. முதுகுக்குப் பின்னால தகரம். நடுவுல உக்காந்தா பின்னாடி இருக்கறவன் என்ன பண்றான்னு தெரியாது பாருங்க. உங்களுக்கு அப்படித் தோணாதா? சரி, ஆளுக்கு ஆள் மாறும்.

நாலு ரோடு ஸ்டாப் வந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க. அங்க எனக்கு ஒரு சின்ன சோலி.

சட்டைப் பையில வெச்சிருக்கேன், இந்தக் கயிறைப் பாருங்க. மஞ்சளா இருந்தது, இப்பக் கறுத்துப் போச்சு. ஏரிமேட்டு முனியப்பன் கோயில் கயிறு. எங்க பக்கத்துல குடியை விடணும்னா அங்கதான் போவாங்க. ஆறு மாசத்துக்குக் கட்டலாம், ஒரு வருசத்துக்குக் கட்டலாம். பூசாரி சொல்லச் சொல்ல நாம திருப்பிச் சொல்லணும். 'பட்டை, கள்ளு, பிராந்தி, பீரு, எதையும் வாயில வெக்க மாட்டேன்.' அவ்வளவுதான் சத்தியம். அப்புறம் வலது மணிக்கட்டுல கயிறு. கட்டும்போது கூட வர்ற ஆள்தான் சாட்சி. கெடு முடிஞ்சதும் அதே சாட்சி வந்து நின்னு, காத்தான்னு மூணு தடவை சொல்லணும். அப்பதான் பூசாரி கயிறை அறுப்பாரு. நான் போன வருசம் ஆடிப் பதினெட்டுக்குக் கட்டினேன். ஒரு வருசத்துக்கு. சாட்சி யாரு? பரிமளா.

ஒரு வருசம்ணே. ஒரு சொட்டு வாயில வெக்கலை. கல்யாண வீட்டுல, சாவு வீட்டுல, நோம்பியில, எங்கயும் வெக்கலை. இருமல் மருந்து கூட வேண்டாம்னுட்டேன், அதுல ஏதோ கலக்கறாங்கன்னு யாரோ சொன்னாங்க. எங்க தெருவுல இது வரைக்கும் எட்டுப் பேர் கட்டியிருக்காங்க. ஏழு பேருக்கு நடுவுலயே அறுந்து போச்சு. முழுசாக் காத்தது இந்த அங்கமுத்து ஒருத்தன்.

குடிச்ச காலத்துலயும் நான் தகராறு பண்ற ஆளில்லை. குடிப்பேன், வீட்டுக்கு வருவேன், சோறு திம்பேன், படுத்துருவேன். தொல்லை என்னன்னா, காலையில எந்திரிக்க மாட்டேன். என் வேலைக்கு அது ஆகாது. நான் நெல்லறுக்கற மெசின் ஓட்டறவன். எங்க ஊர்ல பாதிப் பேருக்கு அதுதான் பொழப்பு. தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் அறுப்பு வந்தா மெசினை லாரியில ஏத்திக்கிட்டுக் கிளம்பிருவோம். சேத்துல இறங்கறதுன்னா டயர் வண்டி போகாது, பெல்ட் வண்டிதான். நான் பெல்ட் வண்டி டிரைவர். மெசின்காரர் நல்லதம்பி அண்ணன், இன்னொரு தடவை தூங்கிக் கிடந்தா வேற ஆள் பாத்துக்கறேன்னு சொல்லிட்டாரு. அதுக்குத்தான் பரிமளா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனா. அவ எண்ணம் நல்ல எண்ணம்தான்.

கயிறு கட்டின மொத மாசம் கை நடுங்குச்சு. ரெண்டாவது மாசம் சரியாப் போச்சு. புரட்டாசியில குறுவை அறுப்புக்குப் போனோம். அந்த வருசம் மழை முன்னாடியே வர்ற மாதிரி இருந்துச்சு. அங்க விவசாயிங்களுக்குக் கதிர் சாஞ்சா போச்சு, முளைச்சுப் போகும். ஒருத்தர் வயலை அறுக்கும்போதே வரப்புல நாலு பேர் நின்னுக்கிட்டு, அடுத்தது நம்மளுது, நம்மளுதுன்னு கும்பிடுவாங்க. தூங்க முடியாது. குடியும் இல்லாத உடம்பு, மத்தியானமே கண்ணைச் சொருகுது. எனக்கு மாத்து டிரைவர் பூவரசன்னு ஒரு ஆளு. முப்பது வயசு. முந்தி கபடி ஆடி முட்டி போனவன். அவன்தான் சொன்னான், அண்ணே எங்க டீம்ல ஆட்டத்துக்கு முன்னாடி ஒரு ஊசி போட்டுக்குவோம், ஆபரேஷன் பண்றப்ப பிரஷர் இறங்கினா டாக்டருங்க போடற மருந்து, அசதிங்கறதே தெரியாதுன்னு. பேரை நான் சொல்ல மாட்டேன். சொன்னா நீங்களும் போய்க் கேட்பீங்க.

நான் உடனே போடலை. கையில கயிறு இருக்கே. என்ன பண்ணுனேன் தெரியுமா? கோயில் சுவத்துல பூசாரி நம்பர் எழுதியிருக்கும், அதுக்குப் போன் போட்டேன். சாமி, வெளியூர்ல இருக்கேன், உடம்பு முடியலை, ஒரு ஊசி போட்டுக்கலாமா, கயிறுக்குத் தப்பில்லையேன்னு கேட்டேன். அவரு சிரிச்சாரு. உடம்பு முடியலைன்னா ஊசி போடத்தானே வேணும், நானே முட்டிவலிக்கு மாசம் ஒண்ணு போட்டுக்கறேன், முனியப்பன் அதுக்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டான்னாரு. அவ்வளவுதான். அனுமதி வாங்கித்தான் போட்டேன். திருட்டுத்தனமாப் பண்ணலை. அதை யாரும் நெனச்சுப் பாக்கறதில்லை.

போட்டதும் எப்படி இருந்துச்சுன்னு கேட்கறீங்களா? கேட்கலை, சரி, நானே சொல்றேன். ஒவ்வொரு நெல்லும் தனித்தனியாத் தெரிஞ்சுது. மெசின் சத்தம் எனக்குள்ள இருந்து வர்ற மாதிரி. பசி இல்லை, அலுப்பு இல்லை. நான் பொறந்ததுல இருந்து யாரோ என் மேல ஒரு மூட்டையை ஏத்தி வெச்சிருந்தாங்க, அதை அன்னைக்குத்தான் இறக்கி வெச்ச மாதிரி. ரெண்டு நாள் இறங்காம ஓட்டினேன். நல்லதம்பி அண்ணன் எல்லார் முன்னாடியும் சொன்னாரு, சோம்பேறியா இருந்தவனை முனியப்பன் யானையாக்கிட்டான்னு. நானும் ஆமாங்கன்னேன். கயிறு கட்டினதுக்கப்புறம்தானே எல்லாம் நடந்துச்சு.

நாலு ரோடு இன்னும் வரலை இல்ல? சரி.

அளவைக் கூட்டிட்டேன், கூட்டிட்டேன்னு பரிமளா சொல்லுவா. நான் கூட்டலைங்க. மருந்து நீர்த்துப் போச்சு. கம்பெனிக்காரன் தண்ணியக் கலக்கறான். இல்லைன்னா மொத தடவை ரெண்டு நாள் நின்னது, அப்புறம் ஒரு நாள், அப்புறம் அரை நாள், அப்புறம் ஒரு டீ ஆறற நேரம்னு ஏன் குறையணும்? மொத தடவை மாதிரி அது திரும்ப வரவே இல்லை. ஒரு தடவை கூட வரலை. அடுத்ததுல வந்துரும்னு பாப்பேன். வராது.

குறுவை முடிஞ்சு வீட்டுக்கு வந்தேன். வேலை இல்லைன்னா ஊசி எதுக்குன்னு விட்டுட்டேன். விட்டேன்ணே, நானாத்தான் விட்டேன், இதைக் குறிச்சுக்கோங்க. மூணு நாள் அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம். எந்திரிச்சா உலகமே ஊறப்போட்ட சாக்கு மாதிரி இருக்கு. பரிமளா கறி எடுத்து வறுத்து வெச்சா. மண்ணைத் திங்கற மாதிரி இருந்துச்சு. உப்புப் போடலையான்னு கேட்டேன், போட்டிருக்கேன்னா. பொண்ணு ஏதோ பரிசு வாங்கிட்டு வந்து காட்டுனா. எதுல பரிசுன்னு இப்ப ஞாபகமில்லை. பாத்தேன், ஒண்ணும் தோணலை. சுவத்தைப் பாத்த மாதிரிதான் இருந்துச்சு. அப்புறம் எதுக்கோ அழுதேன். அப்பதான் புரிஞ்சுது, என் உடம்புக்கு சத்து இல்லை, ஊசி இல்லாததுதான் கோளாறுன்னு. அதனால வீட்டுலயும் போட்டுக்க ஆரம்பிச்சேன். பழக்கமெல்லாம் இல்லை. அடுத்த அறுப்புக்கு உடம்பு தயாரா இருக்கணும்ல?

அந்த நேரத்துல வீட்டுக்கு எவ்வளவு வேலை பண்ணிக் குடுத்தேன் தெரியுமா? சும்மா உக்காரவே மாட்டேன். பரிமளாவோட தையல் மெசின் லேசா ஒரு சத்தம் குடுத்துச்சு. அவளுக்குக் கேட்காது, எனக்குக் கேட்டுச்சு. பிரிச்சேன். ஒவ்வொரு திருகையும் மண்ணெண்ணெயில கழுவி, துடைச்சு, பேப்பர் மேல பெருசு சிறுசு பாத்து வரிசையா வெச்சேன். வெச்சுட்டுப் பாத்தா ஒரு திருகு லேசாக் கோணலா நிக்குது. எல்லாத்தையும் எடுத்து மறுபடியும் கழுவுனேன். அப்படியே விடிஞ்சு, மறுபடி இருட்டிப் போச்சு. அவ்வளவு சுத்தமா அந்த மெசின் கடையில வாங்கும்போது கூட இருந்திருக்காது. திருப்பி மாட்டலை, அது வேற விசயம். மாட்டற நேரத்துல ஃபேன்ல ஒரு சத்தம் வந்துச்சு, அதுக்குப் போயிட்டேன். அப்புறம் மிக்சி. அப்புறம் பொண்ணோட சைக்கிள். அது புதுசுதான், ஆனாலும் செயின்ல ஒரு சத்தம் இருந்துச்சு.

இப்ப அவ தைக்கறதுன்னா பக்கத்துத் தெருவுல ஒரு அக்கா வீட்டுக்குப் போய், அவங்க மெசின் சும்மா இருக்கற நேரத்துல தெச்சுட்டு வர்றா. நான் மாட்டிக் குடுத்துருவேன். எல்லாத் திருகும் பத்திரமா இருக்கு.

இந்தச் சட்டை கூட அவதான் பிடிச்சுத் தெச்சது. ஒரு வருசத்துல மூணு தடவை பிடிச்சிருக்கா. மூணாவது தடவை தெச்சு முடிச்சதும் நூலைக் கடிச்சுத் துப்பிட்டு வெளிய போய் நின்னுக்கிட்டா. நான் இளைச்சது நல்லதுக்குத்தான், தொப்பை இருந்துச்சு. ஒரே கஷ்டம் இந்தக் கயிறுதான். கட்டும்போது இறுக்கமா இருந்தது, வர வர வளையல் மாதிரி ஆடுது. எங்க கழண்டு விழுந்துருமோன்னு எனக்கு உசுரே இல்லை. மேல இன்சுலேசன் டேப்பு சுத்தி வெச்சேன். அவ்வளவு அக்கறையாக் காத்தேன்.

தை மாசம் சம்பா அறுப்பு. அதுல ஒரு சின்ன சம்பவம். அந்தப் பக்கம் மெசின் வயல்ல இறங்குனா கொக்குங்க வந்துரும் பாத்திருக்கீங்களா? கதிர் விழ விழ பூச்சி பறக்கும், அதைப் பிடிக்க நூறு, இருநூறு கொக்கு மெசின் பின்னாலயே நடக்கும். பதினஞ்சு வருசமாப் பாக்கறேன், நானும் ஒண்ணும் நெனச்சதில்லை. அன்னைக்கு மத்தியானம் பாத்தா, அதுங்க பூச்சியைப் பாக்கலை. என்னைப் பாக்குது. நான் வண்டியை நிறுத்துனா நிக்குது. திருப்புனா திரும்புது. நல்லதம்பி அண்ணன்தான் என்னைக் கண்காணிக்க அனுப்பியிருக்காருன்னு தெரிஞ்சு போச்சு. எனக்கு அது அவ்வளவு தெளிவாத் தெரிஞ்சுது, இப்ப நீங்க பக்கத்துல இருக்கறது தெரியற மாதிரி. ஸ்பேனரை எடுத்துக்கிட்டு இறங்கி விரட்டினேன். வண்டி ஓடிக்கிட்டே இருந்துச்சு.

வண்டி என்ன பண்ணும்? அது பாட்டுக்கு நேராப் போச்சு. வரப்பை ஏறி, அடுத்த வயலைத் தாண்டி, வாய்க்கால்ல தலைகுப்புற விழுந்துச்சு. வாய்க்கால்ல ஒரு அம்மா எருமையைக் குளிப்பாட்டிக்கிட்டிருந்துச்சு. எருமை முழிப்பான எருமை, கயித்தை இழுத்துக்கிட்டு ஓடுச்சு, அந்த அம்மாவும் கூடவே கரையேறிருச்சு. இல்லைன்னா... அதை விடுங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. பூவரசன்தான் என்னைப் பிடிச்சு உக்கார வெச்சு, அண்ணே அண்ணேன்னு அழுதான். எதுக்கு அழுதான்னு தெரியலை. அவன் அதோட ஊசியை விட்டுட்டானாம். பயந்தாங்கொள்ளி. நல்லதம்பி அண்ணன் என்னை ஊருக்கு அனுப்பிட்டாரு. இன்னைக்கு வரைக்கும் அந்தக் கொக்கைப் பத்தி யாரும் ஒரு கேள்வி கேட்கலை.

என்னம்மா? இதாண்ணே எம் பொண்ணு, தன்ஷிகா. கடலை மிட்டாயா? அம்மா குடுத்துச்சா? எனக்கு வேண்டாம், நீ தின்னு. இங்கயே உக்கார்றியா? உக்காரு. அண்ணே, கொஞ்சம் நகர்ந்துக்கங்க. அரசாங்கப் பள்ளிக்கூடத்துல ரெண்டாவது படிக்கறா. என்னது? மூணாவதா? மூணாவதாம்.

எங்க விட்டேன்? கொக்கு. அதுக்கப்புறம் ஆஸ்பத்திரி. ஓடற மெசின்ல இருந்து குதிச்சப்போ எனக்குக் கால்ல காயம். அது ஆறலைன்னு பரிமளா சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. காயத்துக்கு மருந்து போட்டவங்க என் கையைப் பாத்துட்டு இன்னொரு டாக்டரம்மாகிட்ட அனுப்பிட்டாங்க. மூளைக்குப் பாக்கற டாக்டரம்மா. சின்ன வயசுதான், ஆனா பொறுமையாப் பேசுச்சு. மூளைக்குள்ள சந்தோசத்துக்குன்னு ஒரு சுரப்பு இருக்காம். பசிச்சுச் சோறு தின்னா கொஞ்சம் சுரக்கும், வேலை முடிஞ்சா கொஞ்சம், புள்ளை வந்து மேல சாஞ்சா கொஞ்சம். இதை மறுபடி பண்ணுன்னு மூளை நமக்குச் சொல்றதே அதாலதானாம். இந்த ஊசி போட்டா அது மொத்தமும் ஒரே நேரத்துல தொறந்துக்குதாம். அவ்வளவு வெள்ளத்தை மூளை தாங்காதாம். அதனால ஒவ்வொரு மதகா அடைச்சுக்கிட்டே வருமாம். அப்புறம் ஊசி போட்டாலும் பழைய வெள்ளம் வராது, போடாட்டி சொட்டுத் தண்ணி கூட வராது. சோறு ருசிக்காது, புள்ளை முகம் தெரியாது, ஊசி ஒண்ணுதான் ஞாபகத்துல நிக்கும்னுச்சு.

மதகுன்னு நான்தான் உங்களுக்காகச் சொல்றேன். அந்த அம்மா வேற ஏதோ சொல்லுச்சு. நான் திருவாரூர்ப் பக்கம் பதினஞ்சு வருசம் போனவன், எனக்கு மதகு தெரியாதா? நான் கேட்டேன், அடைச்ச மதகைத் தொறந்தா தண்ணி வரத்தானே செய்யும், ஊசியை நிறுத்தின அன்னைக்கே வர வேண்டியதுதானேன்னு. அதுக்கு அந்த அம்மா, வரும் அங்கமுத்து, கண்டிப்பா வரும், ஆனா மாசக்கணக்கு ஆகும், அது வரைக்கும் வாய்க்கால் காஞ்சு கிடக்கும், அந்த வறட்சியைத்தான் யாரும் தனியாத் தாங்க முடியாது, வார்டுல வந்து சேரு, நாங்க கூட இருக்கோம்னுச்சு. குடிகாரனுங்க சேர்ற வார்டு அது. நான் கையைத் தூக்கிக் காட்டினேன். டாக்டரம்மா, இந்தக் கயிறைப் பாருங்க, நான் குடிக்கறவன் இல்லை, கெடு முடியட்டும் பாக்கலாம்னுட்டு வந்துட்டேன்.

இன்னைக்குக் கெடு முடிஞ்சுது. ஆடிப் பதினெட்டு, கோயில்ல கூட்டம்னா கூட்டம். என் முறை வந்துச்சு. டேப்பை நானே பிரிச்சுட்டேன், கோயில்ல டேப்போட நின்னா நல்லாவா இருக்கும்? பூசாரி பரிமளாவைப் பாத்து, காத்தானான்னாரு. இவ பேசலை. மறுபடி கேட்டாரு. தலையைக் குனிஞ்சு நிக்கறா. எனக்குக் கோவம் வந்துச்சு. கோவத்துல கையைக் கீழ விட்டேன். அவ்வளவுதான். கயிறு தானா மணிக்கட்டைத் தாண்டி, விரலைத் தாண்டி, முனியப்பன் முன்னாடி போய் விழுந்துச்சு. பூசாரி அரிவாளையே எடுக்கலை.

கூட்டம் அப்படியே கன்னத்துல போட்டுக்கிச்சு. சாட்சி சொல்றதுக்கு முன்னாடியே சாமி அவுத்து விட்டுருச்சேன்னு ஒரே சத்தம். இது மாதிரி எங்க தாத்தன் காலத்துலயும் நடந்ததில்லைன்னு ஒரு பெரியவர் சொன்னாரு. ஒரு அம்மா தன் மகனை இழுத்துக்கிட்டு வந்து என் கால்ல விழ வெச்சுது, இவனும் உங்களை மாதிரி ஆகணும், ஆசீர்வாதம் பண்ணுங்கன்னு. நான் துன்னூறு எடுத்துப் பூசி விட்டேன். வேற என்ன பண்றது?

அப்பதான் பரிமளா வாயைத் திறந்தா. கையெடுத்துக் கும்பிட்டா.

'காத்தாரு சாமி. சொன்ன சொல்லைக் காத்தாரு. ஒரு சொட்டு வாயில வெக்கலை. போதும் சாமி, இனிமே இவரைக் குடிக்கச் சொல்லுங்க. குடிச்சப்ப இந்த மனுசன் தூங்குனாரு. சோறு தின்னாரு. புள்ளையைப் பேரு சொல்லிக் கூப்பிட்டாரு. நான்தான் தெரியாமக் கேட்டுட்டேன். அந்தக் குடிகாரனையே எனக்குத் திருப்பிக் குடுத்துருங்க.'

இத்தனை பேர் முன்னாடிண்ணே. கால்ல விழுந்தவன் எந்திரிச்சு என்னையும் அவளையும் மாறி மாறிப் பாக்கறான். பூசாரி என் பக்கத்துல வந்து முழுக்கைச் சட்டையை மேல தூக்கிப் பாத்தாரு. பாத்துட்டு, போன்ல கேட்டியே, அந்த ஊசியான்னாரு. ஆமாங்க சாமி, நீங்க சொல்லித்தான் போட்டேன்னேன். உண்மையைத்தானே சொன்னேன்? அவரு அப்படியே படியில உக்காந்துட்டாரு. அந்த வயசான மனுசன் தலையில கை வெச்சுக்கிட்டு, நான் முட்டிவலின்னு நெனச்சேனே, முட்டிவலின்னு நெனச்சேனேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அவருக்காக எனக்குக் கஷ்டமாப் போச்சு. பரவால்லைங்க சாமி, இதுக்கும் சேத்து இன்னொரு கயிறு கட்டி விட்டுருங்கன்னேன். தலையை ஆட்டிட்டாரு. இதுக்கு எங்கிட்டக் கயிறு இல்லைப்பா, நேரா ஆஸ்பத்திரிக்குப் போன்னாரு. பரிமளாகிட்ட, பஸ்சை விட்டு இறங்காம கூட்டிட்டுப் போம்மா, நடுவுல எங்கயும் இறங்க விடாதேன்னாரு.

அதான் சேலத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கா. மூணு டிக்கெட். அந்த டாக்டரம்மாகிட்டப் போன்லயும் பேசிட்டா. ரெண்டு மணிக்குள்ள போகணுமாம், படுக்கை ஒதுக்கி வெச்சிருக்காங்களாம். விட்டா ஒரு மாசம் ஆகுமாம். பையில எனக்கு லுங்கி, துண்டு, தட்டு, டம்ளர் எல்லாம் எடுத்து வெச்சிருக்கா. கோயிலுக்குக் கிளம்பும்போதே எடுத்து வெச்சிருக்கா பாருங்க, அப்பவே முடிவு பண்ணிட்டா.

இந்தப் புள்ளை தூங்கிருச்சு. பாதி மிட்டாய் கையிலயே இருக்கு. பாருங்க, எப்படி மேல சாஞ்சு கிடக்குறான்னு. தலை கனமா இருக்கு. எப்ப இவ்வளவு வளந்தா?

சத்தம் போடாதீங்க. ஒரு நிமிசம் இருங்க.

டாக்டரம்மா சொல்லுச்சு இல்லண்ணே, புள்ளை வந்து மேல சாஞ்சா கொஞ்சம் சுரக்கும்னு. நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். இவ வந்து உக்காந்ததுல இருந்து பாக்கறேன். கடலை மிட்டாய் வாசம் வருது, தலையில எண்ணெய் வாசம் வருது, மூச்சு என் கையில படுது. எல்லாம் தெரியுது. எம் பொண்ணுதான்னும் தெரியுது. இன்னும் கொஞ்ச நேரம் பாக்கறேன்.

இல்லைண்ணே. ஒண்ணும் வரலை.

முந்தி வந்திருக்கு. குடிச்சுட்டு வந்த நாள்ல கூட வந்திருக்கு, இவ கைக்குழந்தையா இருந்தப்ப நெஞ்சு மேல போட்டுக்கிட்டுத் தூங்குவேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பயமாத்தான் இருக்குண்ணே. யார்கிட்டயும் சொல்லலை, உங்ககிட்டச் சொல்றேன். பயமா இருக்கு.

அந்தா ஆலமரம் தெரியுது. நாலு ரோடுதானே இது? நீங்க சொல்லவே இல்லை பாருங்க. பரவால்லை. இங்க ஒரு மெடிக்கல் இருக்கு, டாக்டர் சீட்டுக் கேட்க மாட்டான். ஒண்ணே ஒண்ணு. அப்புறம் அடுத்த பஸ்சுல ஏறி, ரெண்டு மணிக்குள்ள நானே நேரா வார்டுல போய் நின்னுருவேன். போட்டுக்கிட்டுப் போனாத்தான் டாக்டரம்மாகிட்ட நிதானமாப் பேச முடியும். பழக்கம் இருக்கறவனா இருந்தா இப்படித் திட்டம் போட்டுப் பேசுவானா? பழக்கம் இருக்கறவன் ஒரு வருசம் கயிறு காப்பானா? நீங்களே சொல்லுங்க.

கொஞ்சம் இப்படி நகருங்கண்ணே. தலையை உங்க தோள்ல சாச்சுக்கங்க. மெதுவா. கையில இருக்கற மிட்டாயை எடுக்காதீங்க, எடுத்தா முழிச்சுக்குவா. பரிமளா திரும்பிப் பாக்கறாளா? பாக்கலை இல்ல? புள்ளை எங்கிட்ட இருக்கான்னு தைரியமா உக்காந்திருக்கா.

பின்வாசல் தொறந்துதான் இருக்கு. நான் இறங்கிக்கறேன்.